உங்க ஊட்டு டிவி மாதிரியே ஒண்ணு

நெதர்லாந்துக்கு வந்த புதிதில் சாயங்கால நடைக்குப் போகவே எனக்குக் கூச்சமாக இருக்கும். நாங்கள் குடியிருக்கும் அப்பல்டோர்ன் ஊரில் வீட்டுக்கு வீடு தெருவைப் பார்த்தபடி ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி சன்னல். அதற்குத் திரை கிடையாது. அப்படியே திரை இருந்தாலும் இழுத்துவிட மாட்டார்கள். விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து மசித்த உருளைக்கிழங்கு சாப்பிடுவார்கள், பிள்ளையை அதட்டுவார்கள், சட்டைக்குப் பொத்தான் தைப்பார்கள். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்ற நினைப்பே இருக்காது. பார்க்கிற நாம்தான் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும். பதினொரு வருஷம் ஆயிற்று, இப்போது நான் குனிவதில்லை. எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன அளவு டிவி, யார் வீட்டு டிவியில் படம் தெளிவு, யார் வீட்டில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறார்கள் என்பது வரைக்கும் எனக்கு மனப்பாடம்.

அவர்களுக்கும் எங்கள் வீடு மனப்பாடம். இந்த வருஷம் பங்குனி வாக்கில் எங்கள் பழைய டிவியின் நடுவில் பச்சையாக ஒரு கோடு விழுந்தது. மறுநாள் காலை எதிர்வீட்டு ஹென்க், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், நாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "உங்க டிவியில கோடு விழுந்திருக்கு" என்றார். தெரியும் என்றேன். "இனி அது சரியாகாது" என்று ஆறுதல் மாதிரி சொல்லிவிட்டு நாயோடு போய்விட்டார்.

அதே வாரத்தில் ஊரிலிருந்து அண்ணி வீடியோவில் கூப்பிட்டார். நான் சேர்வராயன் மலைக்காரி. ஏற்காட்டிலிருந்து குப்பனூர் இறங்கும் பாதையில் கொட்டச்சேடு எங்கள் ஊர். தாத்தா காலத்தில் காப்பி எஸ்டேட் வேலைக்காகச் சமவெளியிலிருந்து மேலே ஏறியவர்கள் நாங்கள். அண்ணன் குமரேசன் அங்கே ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அண்ணி சரோஜா அதே எஸ்டேட்டில் காப்பிக் கொட்டை பொறுக்கும் கொட்டகைக்கு மேஸ்திரி. இரண்டு பேரும் இருபது வருஷம், வேலையாட்களுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் சொந்தமாக ஒரு வீட்டைக் கட்டி முடித்திருந்தார்கள். போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகக் காட்டிவந்த அண்ணி, ஹால் சுவரில் ஓர் இடத்தில் வந்து நின்றார்.

"இங்கதான் கண்ணு டிவி வருது. உங்க அண்ணன் பழசையே மாட்டிக்கலாங்குறாரு."

"அதெல்லாம் வேண்டாங்க அண்ணி. நாங்களும் புதுசு வாங்கப்போறோம். எங்க ஊட்டுக்கு எது வாங்குறமோ அதே மாதிரி ஒண்ணு உங்களுக்கும். என்னோட சீரு அது."

"நெசமாலுமா? உங்க ஊட்டு டிவி மாதிரியேவா?"

"அதே டிவிதாங்க அண்ணி."

சந்தோஷத்தில் வந்த வார்த்தை. சொல்லும்போது ஒரு கல்மிஷமும் இல்லை.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். என் கணவர் பிரபு சேலம் அம்மாபேட்டைக்காரர். எதை வாங்கினாலும் மூன்று வாரம் படித்துவிட்டுத்தான் வாங்குவார். ஓ.எல்.இ.டி.தான் வேண்டும் என்று முடிவு செய்து வைத்திருந்தார். அதில் கருப்பு நிஜக் கருப்பாக இருக்கும், ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும் என்று காரில் போகும்போது முழுக்கப் பாடம் எடுத்தார். கடையில் ஒரே கம்பெனியின் மூன்று டிவிகளை ஒரே வரிசையில் மாட்டியிருந்தார்கள். ஒரே அளவு, மூன்றிலும் ஒரே படம்: கருப்புப் பின்னணியில் தேன் ஒழுகிக்கொண்டே இருந்தது. கீழ் ரகம், நடு ரகம், மேல் ரகம். எனக்கு மூன்றும் ஒரே தேனாகத்தான் தெரிந்தன.

கடையில் விற்பனைக்கு நின்ற அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க ஹால் எந்தத் திசையைப் பாத்திருக்கு?" பிரபு என் பக்கம் திரும்பித் தமிழில், "இங்கயும் வாஸ்து பாக்குறாங்களா?" என்றார். மேற்கு என்று சொன்னோம். சன்னல் எவ்வளவு பெரியது என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினோம். திரை உண்டா என்றார். நம்மை இந்த ஊர்க்காரர்களாக மதித்துக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கீழ் ரகத்தைக் காட்டி, "அப்ப இது உங்களுக்கு ஸ்பீகல்" என்றார். ஸ்பீகல் என்றால் கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி. வெளிச்சமான அறையில் இதில் படம் தெரியாது, உங்கள் முகம்தான் தெரியும் என்றார். மேல் ரகம் நல்ல பிரகாசம், வெளிச்சம் பட்டாலும் கூசாதபடி மேலே ஒரு பூச்சு இருக்கிறது, ஆனால் அது அவசியமில்லை. நடு ரகத்தைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "உங்களுக்கு இது கெனூக்."

கெனூக் என்றால் போதும். உங்களுக்கு இது போதும். தமிழில் யோசிக்கும் காதில் அந்த வார்த்தை எப்படி விழும் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பிரபுவின் காது மடல் சிவந்தது. மூன்று வாரம் படித்ததெல்லாம் ஒரு நொடியில் போயிற்று. "எங்களுக்கு மேல் ரகம்தான் வேணும்" என்றார். அந்த அம்மா தோளைக் குலுக்கிவிட்டு, கொஞ்சம் வருத்தத்தோடுதான், பில் போடப் போனார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி லேபில் என்னோடு வேலை பார்க்கும் மரீக்கேயிடம் இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டேன். அவள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "அவங்க உங்களுக்கு நல்லது பண்ணியிருக்காங்க. ராணியே வந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க. கடைக்காரங்க 'இது போதும்'னு சொன்னா நாங்க நன்றி சொல்லிட்டு வருவோம்" என்றாள். அப்புறம் என்ன செய்வது? டிவி சுவரில் ஏறிவிட்டது.

அண்ணிக்கு வாங்கும் முறை வந்தபோதுதான் நான் சறுக்கினேன். சேலத்துக் கடையின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மேல் ரகத்தையும் கீழ் ரகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. மலையில் இடி மின்னல் அதிகம். கரண்டு ஏறும், இறங்கும். அண்ணி பார்ப்பது சீரியலும் செய்தியும். அவர்கள் ஹாலுக்கு ஒரே ஒரு சன்னல், அதற்கு வெளியிலும் சில்வர் ஓக் மரமும் மிளகுக் கொடியும். அந்த இருட்டுக்கு எதற்குப் பிரகாசம்? எல்லாமே நிஜமான காரணங்கள். கீழ் ரகத்தை அழுத்தினேன். அதே கம்பெனி, அதே அளவு, முன்னாலிருந்து பார்த்தால் அதே முகம். பெயரின் கடைசி எழுத்து ஒன்றுதான் வேறு. "அனுப்பியாச்சுங்க அண்ணி" என்று மட்டும் சொன்னேன். எந்த ரகம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனி மாதம் இங்கே பொழுது சாயவே சாயாது. சாப்பாடு முடிந்து உட்கார்ந்தால் மேற்கு வெயில் சன்னல் வழியாக நேராக வந்து டிவியின் நெஞ்சில் உட்காரும். மேல் ரகமும் அந்த வெயிலோடு முடிந்த மட்டும் மல்லுக்கட்டியது. அதன் பெருமையே கருப்பு என்கிறார்கள், அந்தக் கருப்பு எங்கள் ஹாலில் சாம்பலாகத்தான் இருந்தது. கடைசியில் கனமாக ஒரு திரை வாங்கி மாட்டினோம். எங்கள் தெருவிலேயே திரை போட்ட ஒரே வீடு எங்களுடையது.

மூன்றாம் நாள் ஹென்க் கதவைத் தட்டினார். கையில் ஒரு டப்பா பிஸ்கட். முகம் வாடியிருந்தது. "போன வாரம் நான் கேட்டது தப்பா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யோசித்த பிறகுதான் நினைவு வந்தது. நாயோடு நடக்கும்போது எங்கள் சன்னல் வழியாகத் தமிழ் சீரியலைப் பார்த்திருக்கிறார். போன வாரம் என்னிடம், "நேத்து ரொம்ப நேரம் அழுதாங்களே ஒரு அம்மா, அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டிருந்தார். அதற்காகக் கோபித்துக்கொண்டுதான் திரை போட்டுவிட்டோம் என்று மனிதர் மூன்று நாளாகத் தவித்திருக்கிறார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, திரையை இழுத்துவிட்டு, அந்த அம்மாவின் மருமகள் செய்த அநியாயத்தை எல்லாம் முதலிலிருந்து விளக்கினேன். இப்போது வியாழக்கிழமைகளில் வருகிறார். இருட்டில் உட்கார்ந்து மூவரும் பார்க்கும்போது எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது: திரையை மூடித்தான் பார்ப்பதென்றால் கீழ் ரகமே இங்கும் போதுமாக இருந்திருக்கும்.

ஆவணியில் அண்ணன் வீடு குடி போகும் நாள். பிரபுவுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும் போனேன். குப்பனூர் வழியாக ஜீப் ஏறும்போதே மஞ்சு இறங்கி ரோட்டை மூடிவிட்டது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்து போனோம். அண்ணன் முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி, "சாமி, வயித்தப் பொரட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குப் பழைய பயணம் ஒன்று நினைவுக்கு வந்தது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது அண்ணன் சேலத்தில் யாரிடமோ பழைய கலர் டிவி ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு இதே மலை ஏறினார். அது பெரிய பெட்டி, அண்ணனோ ஒல்லி. வீட்டுக்கு வந்து போட்டால் எல்லோரும் பச்சையாக இருந்தார்கள். கதாநாயகன் பச்சை, வில்லன் பச்சை, மணப்பெண்ணும் பச்சை. சிவப்பும் நீலமும் வழியில் எந்த வளைவிலோ இறங்கிவிட்டன என்று லைனில் எல்லோரும் கேலி செய்தார்கள். ஒரு வருஷம் நாங்கள் அந்தப் பச்சை மனிதர்களோடுதான் சிரித்தோம், அழுதோம்.

லைன் வீட்டு வாசலிலேயே அண்ணி கட்டிக்கொண்டார். உள்ளே போனதும் முதல் காரியமாக ஒரு பையைக் கையில் கொடுத்தார். கத்தரிப்பூ நிறத்தில், மஞ்சள் கரை போட்ட பட்டு. "குடி போற அன்னிக்கு ரெண்டு பேரும் இதான் கட்டுறோம்." அவர் கட்டிலிலும் அதே கத்தரிப்பூ, அதே மஞ்சள் கரை. கல்யாணமாகி எங்கள் குடும்பத்துக்கு வந்த முதல் வருஷத்திலிருந்தே அண்ணிக்கு இந்த வழக்கம் உண்டு. நான் சேலத்தில் லேப் படிப்பு படித்துக்கொண்டிருந்த காலம். தனக்கு ஒரு சேலை எடுத்தால் அதே தறியில், அதே நிறத்தில் எனக்கும் ஒன்று. ஒருமுறைகூட எனக்குக் குறைந்ததை எடுத்ததில்லை, தனக்கும் எடுத்துக்கொண்டதில்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவில் இரண்டு பேரும் ஒரே சேலையில் போய் நிற்போம். கூடப் பிறந்தவர்களா என்று கேட்கிறவர்களிடம், ஆமாங்க என்று அண்ணி அசராமல் சொல்லிவிடுவார்.

புது வீட்டு ஹாலில் டிவி தயாராக மாட்டியிருந்தது. அண்ணன் மகள் காவ்யா, சேலத்தில் கல்லூரியில் படிக்கிறவள், போட்டுக் காட்டினாள். ஏதோ கடலடிப் படம். பகல் பதினொரு மணி, வெளியே மஞ்சு, உள்ளே அந்தி மாதிரி மங்கல். அந்த மங்கலில் கடல் அவ்வளவு கருப்பு, அதற்குள் ஒரு மீன் தணல் மாதிரி போய்க்கொண்டிருந்தது. என் வீட்டு மேல் ரகத்தில் இப்படி ஒரு படத்தை நான் பார்த்ததே இல்லை.

அண்ணி லைன் வீட்டிலிருந்து காப்பி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காவ்யா வெளியே போகும் வரைக்கும் காத்திருந்தார்.

"டிவி மாட்ட வந்த ஆளு சொன்னாரு கண்ணு. இதுக்கு மேல இன்னும் ரெண்டு ரகம் இருக்குதாமா."

நான் டம்ளரை ஊதி ஊதி ஒரு வாய் குடித்தேன்.

"உங்க ஊட்டுல இருக்கறது எது? ஏ கிரேடா, சி கிரேடா?"

கொட்டைகளைச் சல்லடையில் போட்டுப் பிரிப்பது அண்ணியின் வேலை. பெரிய கொட்டை ஏ கிரேடு, அது அப்படியே கப்பலேறிவிடும். சின்னதும் உடைசலும்தான் இங்கே கடைக்கு வரும். அன்று என் டம்ளரில் இருந்ததும் அதுதான்.

"ஏ கிரேடுங்க அண்ணி."

"நல்ல கொட்டையெல்லாம் உங்க பக்கந்தான் போவுது. டிவியும் அப்படித்தான் போலிருக்குது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் சிரிக்கவில்லை.

நான் என் காரணங்களை எடுத்து வைத்தேன். இடி, மின்னல், கரண்டு, ஒற்றைச் சன்னல். எங்கள் வீட்டு வெயிலையும் திரையையும் ஹென்க்கையும்கூடச் சொன்னேன். அண்ணி கடைசிவரை கேட்டார்.

"அதெல்லாம் நெசந்தான் கண்ணு. இங்க இருட்டு, உங்களுக்கு இது போதுங்க அண்ணின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் சரின்னுருப்பேன். எனக்கு என்ன தெரியுது, நீ சொல்றதுதான். ஆனா நான் கொட்டகை பூரா சொல்லி வெச்சிருக்கறேன், என்ற நாத்தனா அவ ஊட்டுல இருக்கறதையே எனக்கும் வாங்கிக் குடுத்திருக்குதுன்னு. இப்ப பொய்காரி யாரு? நான்தானே?"

அப்பல்டோர்ன் கடைக்கார அம்மா முகத்துக்கு நேராகப் "போதும்" என்று சொன்னதற்கு எங்களுக்கு அவ்வளவு ரோஷம் வந்தது. நான் அதே வார்த்தையைச் சொல்லாமலே செய்துவிட்டேன். இரண்டில் எது மரியாதை என்று அந்த நிமிஷத்தில் சந்தேகமில்லாமல் புரிந்தது. "மாத்திக் குடுத்தர்றேங்க அண்ணி" என்றேன். "மாட்டுனது மாட்டுனதாவே இருக்கட்டும். நொம்ப நல்லாத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

குடி போகும் நாளன்று பால் பொங்கி, சாப்பாடு முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைப் பெண்கள், வாழவந்தியிலிருந்தும் கரடியூரிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள், எல்லோரும் ஹாலில் அடைந்து உட்கார்ந்தார்கள். காவ்யா டிவியைப் போட்டாள். ஒரு பெருமூச்சு எழுந்தது. அண்ணியோடு பல வருஷம் கொட்டை பொறுக்கிய மாரியம்மா அக்கா, வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"ஏனுங்க சரோஜா, இதானுங்களா அந்த வெளிநாட்டு ஊட்டுல இருக்கற டிவி?"

அண்ணி வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறாரோ, ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் சங்கடம் அவருக்குத்தான். நான் எழுந்து நின்றேன். ஒரே கத்தரிப்பூச் சேலையில் இருந்த எங்கள் இரண்டு பேரையும் எல்லோரும் பார்த்தார்கள்.

"இல்லீங்க அக்கா. எங்க ஊட்டுல இருக்கறது இதைவிட ஒசந்த ரகம். அதே மாதிரி வாங்கித் தர்றேன்னு அண்ணிகிட்ட நான்தான் சொன்னேன். அப்புறம் சொல்லாமக் கொள்ளாம இத வாங்கிட்டேன். அண்ணிக்கு அது தெரியாது. தப்பு என்னோடதுங்க."

அண்ணன் சங்கடத்தோடு மேல்துண்டைச் சரிசெய்தார். மாரியம்மா அக்கா மட்டும் விடவில்லை.

"அப்ப உங்க ஊட்டுல இதைவிட நல்லாத் தெரியுங்களா?"

"அதான் இல்லீங்க அக்கா. அங்க ஒரே வெயிலு. பாதி நேரம் டிவிக்குள்ள எங்க தெருதான் தெரியுது. படம் பாக்கணும்னா கனமா ஒரு திரையப் போட்டு, ஊட்ட இந்த மாதிரி இருட்டாக்கிட்டுத்தான் பாக்கறோம்."

மாரியம்மா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த இருட்டுக்கு எதுக்கு சாமி அத்தன தூரம் போனே?"

முதலில் சிரித்தது அண்ணி. அப்புறம் ஹாலே சிரித்தது. கரடியூர்ச் சித்தப்பா ஒருவர் இருமி இருமிச் சிரித்தார், அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணி என் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். அந்தப் பிடியிலேயே நாங்கள் பேசித் தீர்க்க வேண்டியது தீர்ந்துவிட்டது. மழை விடும்வரை சத்தமாக ஏதோ நகைச்சுவைப் படம் ஓடியது. யாருக்கும் ரகத்தைப் பற்றிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

நான் திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வழக்கம்போல வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே ஒரே ஆரவாரம். காவ்யா ஏதோ செய்து என்னைப் போனிலிருந்து டிவிக்கு மாற்றியிருந்தாள். போனை அவள் டிவி பக்கம் திருப்பியபோது நானே பார்த்தேன். கொட்டச்சேட்டு ஹால் சுவரில், அந்த நல்ல கருப்புக்கு நடுவில், என் முகம் பாதி மட்டும் ஒரு கதவு அகலத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கண், அரை மூக்கு, ஒரு தோடு.

"கண்ணு, பாதிதான் வர்றே" என்று அண்ணி கத்தினார். "அந்தப் பக்கம் நகரு. இன்னுங் கொஞ்சம். அட, தல போயிருச்சு. பின்னால போ."

போனை அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துக்கொண்டு வலது பக்கம் போனேன், பின்னால் போனேன். சாப்பாட்டு மேசைக்கும் சமையலறைக் கதவுக்கும் நடுவில், நடக்கும் வழியை மறித்துக்கொண்டு ஓர் இடத்தில் வந்ததும் அண்ணி கையை உயர்த்தினார். "முழுசா வந்துட்டே! அங்கயே இரு." பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அண்ணி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் அங்கேயே இருப்பதுபோல, கீரையை ஆய்ந்துகொண்டே பேசினார்.

நாற்காலியை நான் திரும்ப எடுத்துப் போடவில்லை. பிரபு தினமும் அதில் கால் இடித்துக்கொள்கிறார். நேற்றும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "இத எடுத்து இதோட எடத்துல போட மாட்டியா?" என்றார்.

"இருக்கட்டுங்க. அது இங்க இல்ல, அண்ணி ஊட்டு ஹால்ல இருக்குது" என்றேன்.